வீடு மேய ஆள் கூப்பிட்டவள்

வடசேரிச் சந்தையில் அவளுக்குப் பெயர் புண்ணுக்காலி. நான் வைத்ததல்ல, சந்தை வைத்தது. வலது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஆறாத புண். அதைப் பழந்துணியால் சுற்றிக்கொண்டு, காய்கறிக் கடைகள் அடைத்ததும் ஏதாவது ஒரு கடையின் தாழ்வாரத்தில் சுருண்டுகொள்வாள். காலையில் கடை திறக்க வருகிறவர்களின் முதல் வேலை அவளை எழுப்பி விரட்டுவது, அடுத்த வேலை வாசலில் தண்ணீர் தெளிப்பது. சில பேர் இரண்டையும் ஒரே செம்புத் தண்ணீரில் முடித்துக்கொள்வார்கள்.

நான் அப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, நிலைக்காமல் வெளியே வந்திருந்தேன். மேட்ரன் சொன்னதற்கெல்லாம் நான் ஒரு பதில் வைத்திருந்ததுதான் காரணம். வீட்டில் எனக்கு வாயாடி என்றே பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் என்னோடு நாலு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, 'போய்க் கடிதாசி போடுகிறோம்' என்று போனார்கள். கடிதாசி வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் சங்கத்துக்கு ஒரு நர்ஸ் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு, சம்பளம் என்ன என்றுகூட விசாரிக்காமல் போய் நின்றேன்.

எங்கள் பக்கம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. நாகர்கோவிலில் ஒரு வக்கீலும் ஒரு டாக்டரும் சில வியாபாரிகளும் சேர்ந்து அந்தச் சங்கத்தை நடத்தினார்கள். தெருவில் கிடப்பவர்களுக்கு இருக்க ஒரு வீடு, நோய்க்கு மருந்து, அதன்பிறகு கைக்கு ஒரு வேலை. மூன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் வீண் என்பது வக்கீலின் கட்சி. சோறு போடுகிறவர்களுக்கு ஊரில் எப்போதுமே பஞ்சம் இல்லை. கோயிலில் போட்டார்கள், மாதா கோயிலில் போட்டார்கள், அய்யா பதியில் போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அந்த மனிதன் எங்கே போவான் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. வக்கீல் அதைக் கேட்டபோது, இது இத்தனை நாள் நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று எனக்கு வாய் பிளந்துகொண்டது. என் வாய் பதில் சொல்லாமல் பிளந்து நின்ற சந்தர்ப்பங்கள் குறைவு.

வக்கீல் ஒல்லியான மனிதர். கோடையிலும் குடையை விடமாட்டார். சானல் கரையில் ஒரு துண்டுப் புறம்போக்கு நிலத்துக்காகத் திருவனந்தபுரத்துக்கு நடையாய் நடந்து, கேட்டுக் கேட்டு, கொடுத்துவிட்டால் இவர் திரும்ப வரமாட்டார் என்று தோன்றுகிற அளவுக்கு அவர்களைப் படுத்தி, நிலத்தை வாங்கிவிட்டார். சானல் என்று நாங்கள் சொல்வது பேச்சிப்பாறை அணையிலிருந்து வயல்களுக்கு வரும் கால்வாய். அதன் கரையில் வரிசையாக நாலு வீடு. மண்சுவர், தென்னோலைக் கூரை, ஆளுக்கொரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு.

அவளைச் சந்தையிலிருந்து கூட்டிவரப் போனபோது நானும் உடன் இருந்தேன். வக்கீல் குனிந்து, "வாருங்கம்மா, நம்ம எடத்துக்குப் போவலாம்" என்றார். அவள் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். வேறு யாரோ ஒரு அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கிறாள். பின்னால் வாழைத்தார் அடுக்கியிருந்தது. தன்னைத்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்தது கோபம். "என்ன, போலீசுல பிடிச்சிக் குடுக்கப் போறியளா?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று.

புண்ணைக் கழுவுவது தினமும் ஒரு சண்டை. அவள் என்னைத் திட்டுவாள், நான் அவளைத் திட்டுவேன். டாக்டர் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். அப்போதுதான் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்திருந்த பெனிசிலின் ஊசியை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்தார். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் புண்ணின் ஓரத்தில் மெல்லிய ரோஜா நிறக் கோடு ஒன்றைப் பார்த்தேன். புதுத் தோல். அடுத்த வாரம் அது கொஞ்சம் உள்ளே நகர்ந்திருந்தது. எல்லாம் புத்தகத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் துணியை அவிழ்க்கும்போது எனக்கு மூச்சு நின்று போகும். இத்தனை வருஷம் எல்லாராலும் விரட்டப்பட்ட உடம்பு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தன்னைத்தானே மூடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜெபத்தில் கண் மூடினால் எனக்குத் தூக்கம்தான் வரும். இங்கே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் காலைப் பார்த்தபோது ஸ்தோத்திரம் தானாக வந்தது.

கட்டுப் போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னாள். மேற்கே மலையடிவாரத்தில், யாருடைய தோட்டத்திலோ, புருஷனும் அவளும் ஓலைக் குடிசை கட்டி இருந்திருக்கிறார்கள். புருஷன் காய்ச்சலில் போனபிறகு தோட்டத்துக்காரன் இடத்தைக் கேட்டான்.

"எடம் எனக்க, கூரை உனக்க, கூரையப் பிரிச்சி எடுத்துட்டுப் போன்னு சொன்னான் நர்சம்மா. நேர்மையான மனுசன் பாத்துக்கிடுங்க. கூரையத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு நான் எங்க போவ?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கட்டை இறுக்கிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, அதற்கும் ஒரு வசவு வாங்கினேன்.

கால் ஆறியதும் வேலை. வீட்டு வரிசைக்குப் பக்கத்திலேயே சங்கத்துக்கு ஒரு கொட்டகை. சானல் தண்ணீரில் தென்னோலையை ஊறப்போட்டு, எடுத்து முடைந்து, கூரை மேய்வதற்கு விற்பார்கள். அவள் முடைந்த ஓலை அப்படியொன்றும் விசேஷமில்லை. ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முடைவாள், மற்றவர்களுக்கும் அலுப்புத் தெரியாது. டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். புதுத் தோல் மிகவும் மெல்லியது, ஈரத்தில் ஊறினால் மறுபடி பிளந்துவிடும், பகலில் ஓலையைக் கையாண்டாலும் இரவில் உலர்ந்த தரையில்தான் படுக்க வேண்டும். அதனால் அவளுக்கு அந்தக் கூரை என்பது வெறும் கூரை அல்ல. அது ஒழுகினால் கால் போகும், கால் போனால் வேலை போகும், பிறகு சந்தைத் தாழ்வாரம்தான்.

இவ்வளவும் நன்றாக நடந்தது. நடக்காதது ஒன்று இருந்தது. சானலுக்கு அக்கரையில் ஒரு ஊர். நடுவே தென்னந்தடி போட்ட பாலம். அந்த ஊர்க்காரர்கள் யாரும் பாலத்தைத் தாண்டி எங்கள் வரிசைக்கு வந்ததில்லை. சண்டை இல்லை, ஏச்சு இல்லை. பார்க்காத மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான். நாலு வீட்டுக்கும் சேர்த்துத் 'தர்ம வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். இவள் குடம் எடுத்துக்கொண்டு சானலில் இறங்கினால், அக்கரைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் குடத்தைச் சற்று நகர்த்தி வைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். திட்டுவதற்கு என்னைத்தான் வைத்திருந்தாள்.

சந்தையில் கிடந்த காலத்தில் அவள் காலை வேளையில் பிச்சைக்குப் போனதும் அதே ஊருக்குத்தான்.

ஓலைக் கூரை வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டியது. வைகாசி பாதியில் எடவப்பாதி மழை இறங்குவதற்கு முன்னால், எங்கள் பக்கம் ஊரெல்லாம் வீடு மேய்ச்சல்தான். இதற்குக் கூலி ஆள் வைக்கிற வழக்கம் கிடையாது. வீட்டுக்காரி போய் ஊரைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆளாக வருவார்கள். விடியும்போது வீட்டுக்காரர்களே பழைய ஓலையைப் பிரித்துக் கீழே போட்டு, வெறும் கழுக்கோலாக, அதாவது மரச்சட்டம் மட்டுமாக, வீட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வருகிறவர்கள் திறந்து கிடக்கிற வீட்டைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். பொழுது சாய்வதற்குள் மேய்ந்து முடித்து, வீட்டுக்காரி கையால் கஞ்சி குடித்துவிட்டுப் போவார்கள். நாளைக்கு அவர்கள் வீடு மேயும்போது இவர்கள் போவார்கள்.

சங்கம் அந்த நாலு வீட்டையும் காண்ட்ராக்டில் விட்டுக் கட்டியிருந்தது. ஓலை மேய்ந்தவர்களும் வெளியூர்க் கூலி ஆட்கள்தான். ஊராருக்குத் தொந்தரவு வேண்டாம், வேலையும் சட்டென்று முடியும் என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அக்கரை ஊரில் ஒருவர் கை அந்தக் கூரையில் ஒரு முடிச்சுக்கூடப் போட்டதில்லை. சங்கத்தில் இருந்த எல்லாரும் ஓட்டு வீட்டுக்காரர்கள். நானும் ஓட்டு வீட்டில் பிறந்தவள்தான். எங்கள் யாருக்கும் அது ஒரு பிழையாகத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் சித்திரை கடைசியில் வக்கீல் கொட்டகைக்கு வந்து, கூலி ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த வாரம் நாலு வீட்டையும் மேய்ந்துவிடுவார்கள் என்றார். அவள் முடைந்துகொண்டிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

"மத்த வீட்டுக்குச் செய்யட்டும். எனக்க வீட்டுக்கு வேண்டாம்."

"என்னம்மா, ஒழுகுமே."

"மேயாம விட மாட்டேன். ஊரக் கூப்பிட்டு மேயுகேன்."

கொட்டகையில் எல்லாக் கையும் நின்றது. வக்கீல் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே ஓலைக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"வருவாங்களா?" என்று கேட்டார். கேலியாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தெரியாது."

"வரலேன்னா?"

"வரலேன்னா நான் இங்க சும்மா கெடக்கேன்னு தெரிஞ்சிரும்லா. சந்தையில கெடந்த மாதிரி. அங்க கூரை கடைக்காரனுக்க. இங்க கூரை உங்களுக்க."

எனக்கு வந்ததே கோபம். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? இந்தக் கால நான் எத்தன மாசம் கழுவியிருக்கேன்? கூரையப் பிரிச்சிப் போட்டுட்டு ஒருத்தரும் வரல்லேன்னா, மழ பெய்தா, யாரு காலு பிளக்கும்? உனக்க வீம்புக்கு எனக்க வேலைய நாசமாக்காத" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் திருப்பித் திட்டவில்லை. "காலு எனக்கதான் நர்சம்மா" என்றாள்.

வக்கீல் சுவரில் சாய்த்த குடையை எட்டி எடுத்தார். பிறகு, "அவங்க வீடு. அவங்க சொல்றதுதான்" என்று எழுந்தார். கூலி ஆட்களை மறைவில்கூட நிறுத்தி வைக்கக்கூடாது என்று அவள் கேட்டாள். அதற்கும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ரோட்டில் வரும்போது நான் அவரை ஒரு பிடி பிடித்தேன். இவ்வளவு பாடுபட்டு நிலம் வாங்கி, வீடு கட்டி, ஆளைத் தேற்றி, இப்போது ஒரு வார்த்தையில் மழையில் விடப்போகிறீர்களா என்றேன். அவர் குடைக்குள் நடந்துகொண்டே, "விடத்தான் பயமா இருக்கு" என்றார். அந்த மனிதரிடம் அதற்கு மேல் சண்டை போட எனக்கு மனசு வரவில்லை.

ஊரைக் கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. வழியில் கண்ட இடத்தில் சொல்லக்கூடாது. வெளி வாசலில் நின்றும் சொல்லக்கூடாது. வீட்டு முற்றத்துக்குள் போய் நின்று, இன்ன கிழமை எங்கள் வீடு மேய்ச்சல், வரவேண்டும் என்று சொல்ல வேண்டும். பிச்சைக்குப் போகிறவர்களுக்கு முறை வேறு. அவர்கள் வெளி வாசலைத் தாண்டக்கூடாது.

அவள் வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். தனியாகத்தான் போவேன் என்றாள். நான் பாலம் வரைக்கும் என்று சொல்லிப் பின்னால் போனேன், பாலம் வந்தபிறகும் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு பூவரச மரத்தடியில் நின்று பார்த்தேன்.

அக்கரையில் முதல் வீடு, காதில் பாம்படம் போட்ட ஒரு கனத்த அம்மாளுடையது. இவள் வெளி வாசல் வரை விறுவிறுவென்று போனாள். அங்கே கால் நின்றுவிட்டது. எத்தனை காலை அந்த இடத்தில் நின்று குரல் கொடுத்திருக்கிறாள்! உடம்புக்கு அந்த எல்லை பழகிப்போயிருக்கிறது. உள்ளே இருந்து அந்த அம்மாள் பார்த்தாள். பார்த்ததும், வழக்கம்போல, உள்ளே திரும்பிப் போய் ஒரு கைப்பிடி அரிசியோடு வெளியே வந்தாள். நான் மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்றாள். மரத்தடியில் நின்ற எனக்கே கேட்டது. "புதங்கெழம எனக்க வீடு மேயுது. சானல் கரையில. ஆளு வரணும்."

அந்த அம்மாள் நீட்டிய கையில் அரிசி. அதைப் போடவும் இடமில்லை, மடக்கவும் தெரியவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இவள் பதிலுக்கு நிற்காமல் திரும்பி, அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போனாள். அடுத்த வாசலிலும் கால் ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே போயிற்று. தெரு முழுக்க, ஒவ்வொரு வாசலிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் பெரிய ஆபரேஷன்களுக்கெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு தைரியத்தை நான் பார்த்ததில்லை. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை விடியும்போது நான் போய்ச் சேர்ந்தேன். வக்கீல் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். வீட்டின் மேலே ஓலை இல்லை. அவளும் வரிசையில் இருந்த மற்றவர்களும் சேர்ந்து பிரித்துப் போட்டிருந்தார்கள். கழுக்கோல்களுக்கு நடுவே வானம் தெரிந்தது. உள்ளே அவளுடைய பாய், பானை, ஒரு தகரப்பெட்டி எல்லாம் வெட்டவெளியில் இருந்தன. முடைந்த புது ஓலை சுவரோரம் அடுக்கியிருந்தது, கட்டுவதற்குக் கயிறு பக்கத்தில். முற்றத்தில் அடுப்புக் கூட்டி, சங்கத்துப் பெரிய பானையில் கஞ்சி கொதித்தது. ஊர் முழுவதற்குமான கஞ்சி. சிறுபயறு தனியாக வெந்துகொண்டிருந்தது. அவள் யாரையும் பார்க்காமல் கிண்டிக்கொண்டிருந்தாள்.

மேற்கே மலைப்பக்கம் கறுத்திருந்தது. சித்திரையில் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்துப் பெய்கிற கோடை மழை உண்டு. வெயில் ஏறியது. பாலத்தில் ஆள் இல்லை.

வக்கீல் குடையோடு முற்றத்துக்கும் பாலத்துக்குமாக நடந்தார். இன்னும் கொஞ்சம் வெயில் ஏறியது. ஒரு நாய் பாலத்தைக் கடந்து வந்து, கஞ்சி வாசனையை முகர்ந்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. அந்த ஊரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன், மிஷன் ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தால் மேட்ரன் மயங்கி விழுந்திருப்பார். கஞ்சி வெந்து குழைந்துவிட்டது. அவள் விறகை வெளியே இழுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால் காலைப் பார்த்தேன். புதுத் தோல் வெயிலில் பளபளத்தது.

பாலத்தில் தடி அசைந்த சத்தம் கேட்டது. அந்தக் கனத்த அம்மாள்தான். தனியாக வந்தாள். தலையில் முடைந்த ஓலைக் கட்டு. வீடு மேய்ச்சலுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, எங்கள் யாரையும் பார்க்காமல் அவளிடம் சொன்னாள்:

"ஆம்பளையெல்லாம் வயலுக்கு எருவடிக்க வண்டி கெட்டிட்டுப் போயிருக்கு. நேரமாயிட்டு. இப்ப வருவாவ. நீ கஞ்சிய அடுப்புலயே வையி, ஆறிப்போவும்."

அவள் விறகை மறுபடி உள்ளே தள்ளினாள். பொறி பறந்தது.

பிறகு வந்தார்கள். தோளில் கயிற்றுச் சுருளோடு ஒருவர், அரிவாளோடு இரண்டு பேர், அப்புறம் கூட்டமாக. எருமண் ஒட்டிய காலோடு நேரே வயலிலிருந்து வந்தார்கள். பெண்கள் ஓலைக்கட்டோடும் தேங்காயோடும் வந்தார்கள். அவள் கூப்பிடாத தெருவிலிருந்தும் ஆள் வந்தது. நான் எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன். தென்னந்தடிப் பாலம் தாங்குமா என்று வக்கீல் பயந்து ஓடி, நிறுத்தி நிறுத்தி அனுப்பினார். அந்த அம்மாளின் புருஷன், நரைத்த மார்போடு ஒரு மனிதர், யாரையும் எதுவும் கேட்காமல் சுவரில் கால் வைத்து முகட்டுக்கு ஏறினார். ஏறி உட்கார்ந்து, கீழே பார்த்துக் கூப்பிட்டார்:

"வீட்டுக்காரீ, ஓலைய எடுத்துக் குடுக்கச் சொல்லு!"

அவள் ஓலைக்கட்டைத் தானே தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள், அந்தக் காலோடு. நான் சத்தம் போட மறந்துவிட்டேன்.

கீழேயிருந்து கை மாறிக் கை மாறி ஓலை மேலே போயிற்று. அந்த வரிசையில் வக்கீலும் நின்றார். குடையை எங்கோ வைத்துவிட்டிருந்தார். பேச்சும் சிரிப்பும் வசவுமாக, ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் மூடி வந்தது. நான் தண்ணீர் கொடுக்கும்போது முகட்டில் இருந்தவரிடம் கேட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

"இத்தன நாளு இந்தப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல்லியே, இன்னைக்கு மட்டும் எப்பிடி?"

அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "கூப்பிடாத வீட்டுக்கு எப்பிடி வர? வக்கீலு வீடு கெட்டினாரு, வக்கீலு ஆளு வச்சாரு. எங்கள யாரு கேட்டா? இப்ப வீட்டுக்காரி வந்து முத்தத்துல நின்னு கூப்பிட்டா. கூப்பிட்ட பொறவு வராம இருக்கப்பிடாதுலா."

அது முழு உண்மை அல்ல என்று எனக்குத் தெரியும். குடத்தை நகர்த்தி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும், என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் அவர் விரல்கள் போட்டுக்கொண்டிருந்த முடிச்சு உண்மை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

முகட்டு ஓலையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே முதல் துளி விழுந்தது. அவர் இறங்கவில்லை. நனைந்துகொண்டே கடைசி முடிச்சையும் போட்டு, வழுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். இடியோடு மழை கொட்டியது. கஞ்சிப் பானையை நாலு பேர் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட, அவர்கள் பின்னால் எல்லாரும் வீட்டுக்குள் புகுந்தார்கள். புகுந்தார்கள் என்றால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கொள்ளாதவர்கள் கொட்டகைக்கும் மற்ற மூன்று வீட்டுக்கும் ஓடினார்கள். 'தர்ம வீட்டு'க் கதவுகள் எல்லாவற்றிலும் ஊர்க்காரர்கள் நின்றார்கள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே மழை அடிக்கிற சத்தம் காதை அடைத்தது. உள்ளே ஒரு துளி இல்லை. பச்சை ஓலை வாசனை. இத்தனை பேர் தலைக்கு மேலே, காலையில் வெறும் வானமாக இருந்த இடம். நான் வெட்கமில்லாமல் அழுதேன். மழையில் நனைந்தவர்கள் நடுவில் அது தெரியவில்லை.

"தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க, வெளம்பாண்டாமா?" என்று அவள் அதட்டினாள். பிலாவிலையை, பலா இலையைத்தான், கரண்டிபோல மடக்கிக் குத்தி வைத்திருந்தாள், கஞ்சி கோரிக் குடிக்க. ஆளாளுக்கு மண்சட்டியில் கஞ்சி, மேலே ஒரு அகப்பை பயறு, ஓரத்தில் தேங்காய்த் துவையல். ஒத்தாசைக்கு வந்தவர்களை விலக்கிவிட்டாள். தன் கையால்தான் விளம்பினாள். முதல் சட்டி முகட்டில் ஏறியவருக்கு. இரண்டாவது அந்தக் கனத்த அம்மாளுக்கு. அரிசியோடு நீண்டு நின்ற அதே கை இப்போது இவளிடம் சட்டியை வாங்கியது.

"பயறு இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று இவள் கேட்டாள்.

"போடு" என்றாள் அந்த அம்மாள்.

வந்தவர்கள் எல்லாரும், இவள் என்ன சாதி என்று ஊரில் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். அன்றைக்கு இரண்டொருவர் வேலையை முடித்துவிட்டு, கஞ்சிக்கு நிற்காமல் மழையிலேயே நழுவிப் போனார்கள். அதையும் பார்த்தேன், சொல்லாமல் விட மனசில்லை. மற்றவர்கள் குடித்தார்கள். வக்கீல் மூலையில் குந்தியிருந்து, கண்ணாடியில் ஆவி படிய, இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார். எனக்கு வைத்த சட்டியைக் கொடுக்கும்போது அவள் சொன்னாள், "கத்தாம குடியுங்க நர்சம்மா."

அடுத்த வாரம் காலைப் பார்க்கப் போனேன். மழை வெறித்த ஒரு காலை நேரம். அவளை வாசற்படியில் உட்காரவைத்து, காலை என் மடியில் வைத்து, புதுத் தோலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பிளவு இல்லை, ஈரம் ஏறவில்லை. பாலத்தில் தடி அசைந்தது. அந்த அம்மாள் வந்தாள். ரோட்டில் நிற்கவில்லை, கொட்டகைப் பக்கம் நின்று குரல் கொடுக்கவும் இல்லை. நேரே வந்து, முற்றத்தின் நடுவில் நின்றாள்.

"வெள்ளிக்கெழம எங்க வீடு மேயுது. ஆளு வரணும்."

இவள் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். பின்னால் அவள் வீடுதான் இருந்தது, கதவு திறந்து.

"கேட்டியா, வீட்டுக்காரி? வெள்ளிக்கெழம" என்றாள் அந்த அம்மாள் மறுபடி.

"வாறேன்" என்றாள் இவள். சத்தம் வெளியே வரவில்லை, உதடு அசைந்தது. பிறகு சத்தமாக, சந்தையில் கத்திய அதே குரலில், "வாறேன், வாறேன்!" என்றாள்.

அந்த அம்மாள் அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போனாள். இவள் காலை என் மடியிலிருந்து உருவிக்கொண்டாள். இன்னும் தடவி முடியவில்லை என்று நான் சத்தம் போட்டேன்.

"விடுங்க நர்சம்மா. வெறுங்கையோட போவப்பிடாது, ஓல முடையணும்" என்று கொட்டகைக்கு நடந்தாள்.